மனநல மருந்து சாப்பிடுபவருக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை: வடசென்னையில் எங்கே, எப்படி, என்ன எடுத்துப் போவது

என் அக்காவுக்கு ஸ்கீசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். பல வருடமாக மாத்திரையில் இருக்கிறார். வீட்டு வேலை செய்கிறார், சீரியல் பார்க்கிறார், அம்மாவோடு சண்டை போடுகிறார். மாதம் ஒருமுறை மனநலப் பிரிவுக்குப் போய் மாத்திரை வாங்குவோம். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா, காதில் குரல் கேட்கிறதா என்று கேட்பார்கள். மார்பில் கட்டி ஏதும் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பின்னால் நிற்கும் வரிசை அப்படி. சரி, நாமே கேட்போம் என்று பரிசோதனைக்கு அழைத்துப் போனால் ஓர் இடத்தில், "மெண்டல் ட்ரீட்மென்ட்ல இருக்காங்களா? அப்ப அங்கயே பாத்துக்கங்க" என்றார்கள். அங்கே போய்க் கேட்டால், "அதெல்லாம் இங்க இல்லம்மா" என்றார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பல நாடுகளைச் சேர்ந்த 47 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. மனநோய் உள்ளவர்கள் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்கிறது அது. ஜப்பானின் ஒகயாமாவில் ஸ்கீசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு மனநல ஓ.பி.யிலேயே ஊழியர்கள் ஒவ்வொருவராக உட்காரவைத்து விளக்கி, பதிவு செய்யவும் உதவிப் பார்த்தார்கள். அந்த உதவி கிடைக்காதவர்களில் 100க்குச் சுமார் 12 பேர்தான் குடல் புற்றுப் பரிசோதனைக்குப் போனார்கள். உதவி கிடைத்தவர்களில் 100க்கு 47 பேர் போனார்கள். நம் பக்கத்தில் அந்த ஊழியரின் வேலையை வீட்டில் இருப்பவர்தான் செய்யவேண்டியிருக்கிறது. தங்கையோ, மகனோ, மனைவியோ, யாராயிருந்தாலும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. என்ன பரிசோதனை, யாருக்கு

அரசுத் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று பரிசோதனைகள் இலவசம்: வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய். ஆண்களுக்கு வாய் மட்டும்.

வாய்ப் பரிசோதனை என்றால் டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாம் பார்ப்பது. சில நிமிட வேலை. மார்பகத்தை டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ கையால் தொட்டுப் பார்ப்பார். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயை எல்லோருக்கும் எடுப்பதில்லை, சந்தேகம் இருந்தால்தான் எழுதுவார்கள்.

கர்ப்பப்பை வாய்க்குச் செய்வதை வி.ஐ.ஏ. என்பார்கள். கருவி வைத்து விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியான திரவத்தை, பஞ்சில் தொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். மயக்க மருந்து, ஊசி எதுவும் கிடையாது. முடிவு அங்கேயே தெரிந்துவிடும். மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு இந்த முறை அவ்வளவு சரிவராது. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்லைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனை செய்ய முடியுமா என்று நீங்களே கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர் என்றால் அந்த ஆபரேஷன் சீட்டைக் கொண்டுபோங்கள். புற்று தவிர வேறு காரணத்துக்காக, கர்ப்பப்பை வாயோடு முழுதாக எடுத்திருந்தால் இது பொதுவாகத் தேவைப்படாது.

வீட்டில் ஆண் ஒருவர் மனநல மாத்திரையில் இருந்து, மாவா, ஹான்ஸ், பீடி என்று ஏதாவது பழக்கமும் இருந்தால் அவரைத்தான் முதலில் அழைத்துப் போகச் சொல்வேன். நம் தெருக்களில் மாவா போடுகிறவர் வாய்ப்புண்ணைப் புண்ணாகவே நினைப்பதில்லை. "காரம் ஒத்துக்கல" என்பார். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.

2. காகிதங்கள்: இதை முதலில் முடியுங்கள்

பரிசோதனைக்கு ஆதாரும் ஒரு போன் நம்பரும் போதும். ஆனால் "மேல பாக்கணும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு காகிதத்துக்கு அலைய நேரம் இருக்காது. அதனால் இந்தப் பையைத் தயார் செய்துவிட்டுக் கிளம்புங்கள்:

- ஆதார், குடும்ப அட்டை. இரண்டுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ்.
- மனநலப் பிரிவின் ஓ.பி. நோட்டு, கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு. மாத்திரை அட்டைகளைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை.
- இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

எங்கள் தெருவிலேயே பலர் மாட்டிக்கொண்ட இடம் குடும்ப அட்டைதான். மனநோய் வந்த பெண்ணைக் கணவர் வீட்டில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பெயர் அந்த வீட்டு அட்டையிலேயே கிடக்கும், அல்லது அங்கே நீக்கிவிட்டு இங்கே சேர்க்காமல் இருக்கும். ஆதாரில் பழைய முகவரி இருக்கும். காப்பீட்டு அட்டை குடும்ப அட்டையை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. பெயர் இல்லையென்றால் அவர் காப்பீட்டிலும் இல்லை. பழைய அட்டையில் பெயரை நீக்கி, பெயர் நீக்கச் சான்று வாங்கி, உங்கள் அட்டையில் சேர்க்கவேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த வீட்டார் ஒத்துழைக்கவில்லை என்றால் மண்டல உணவுப் பொருள் வழங்கல் அலுவலகத்தில் நேரில் எழுதிக்கொடுங்கள். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. அதனால்தான் முதலில் செய்யச் சொல்கிறேன்.

காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டணம். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள். சான்றோடும் குடும்ப அட்டையோடும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றி ஒரு வார்த்தை. மனநோயும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அட்டையைக் காட்டி, "ரொம்ப நேரம் வரிசையில நிக்க முடியாது சார்" என்று கேட்டால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அட்டை வாங்கக் கூச்சப்படுகிற குடும்பங்கள் உண்டு. கூச்சம் புரிகிறது, ஆனாலும் வாங்கி வையுங்கள். காட்டுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

3. எங்கே போவது

முதல் படி உங்கள் வார்டில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், நாம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்று சொல்வது. தொற்றா நோய்ப் பிரிவு எது என்று கேட்டு அங்கே இருக்கும் நர்ஸிடம் போங்கள். சுகரும் பிரஷரும் பார்த்துவிட்டு, "அவ்ளோதான், போலாம்" என்பார்கள். அங்கேதான் நீங்கள் வாய் திறக்கவேண்டும்: "வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய், மூணு ஸ்கிரீனிங்கும் பண்ணணும்." பெயர் சொல்லிக் கேட்காத வரை நடக்காது. இன்று கர்ப்பப்பை வாய்க்குப் பார்க்க ஆள் இல்லை என்றால், எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அம்மா உங்கள் தெருவுக்கு வருகிறாரென்றால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த நர்ஸ் பொறுமையானவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அங்கே நடக்கவில்லை என்றாலோ, சந்தேகம் என்று எழுதிக்கொடுத்தாலோ அடுத்தது ராயபுரம். பெண்கள் விஷயத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. பிரசவ ஆஸ்பத்திரி என்றுதான் நமக்குப் பழக்கம், ஆனால் மகப்பேறு இல்லாத பெண்களுக்கும் அங்கே ஓ.பி. உண்டு. வாய்க்கும் மார்பகத்துக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. மனநல மாத்திரையையும் ஸ்டான்லியிலேயே வாங்குகிறவர் என்றால் நல்லதாகப் போயிற்று, ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் வாங்குகிறவர் அந்த நாளையும் பரிசோதனை நாளையும் சேர்க்காதீர்கள். மாத்திரை வாங்கி முடிக்கவே மதியம் ஆகிவிடும். நேராக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கே போகவேண்டுமென்றால் பீச் ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் கஸ்தூர்பா நகரில் இறங்கலாம். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாமல் வெறும் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை என்பது என் கருத்து.

4. எந்த நாள், எத்தனை மணிக்கு

அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலை 7.30 மணி வாக்கில் தொடங்கி நண்பகல் 12 மணியோடு முடியும். "சீக்கிரம் போ" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரவு மாத்திரையின் மப்பு பலருக்குக் காலை 9 மணி வரை இறங்காது. தூக்கத்தில் இழுத்துக்கொண்டு போனால் அங்கே போய் எரிச்சல்படுவார், காரியம் கெடும். சீட்டுப் போட வீட்டில் வேறொருவர் முதலில் போய்விட்டு, இவரை ஒன்பதரைக்கு மேல் அழைத்து வருவது எங்களுக்குச் சரிப்பட்டது. திங்கள்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் வேண்டாம்.

மாதவிடாய் நடக்கும்போது வி.ஐ.ஏ. செய்ய மாட்டார்கள். விலக்கான பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் போவது வசதி. ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரையால் மாதவிடாயே ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் எந்த நாளிலும் போகலாம், ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முந்தைய இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் கூடாது.

வெறும் வயிற்றில் போகவேண்டுமா? இந்த மூன்று பரிசோதனைக்கும் வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டு, காலை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். "டெஸ்ட் இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தி அழைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

5. அவரிடம் எப்படிச் சொல்வது

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "சும்மா பிரஷர் பாக்கத்தான்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் கர்ப்பப்பை வாய் அறையில் படுக்கவைத்தால், அதற்குப் பிறகு அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டார். மனநல ஓ.பி.க்கும்தான். பலரைக் கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றி, பிடித்துவைத்து ஊசி போட்ட அனுபவம் உண்டு. அது அவர்களுக்கு மறக்காது.

புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். சொல்லலாம், சொல்லும் விதம்தான் பார்க்கவேண்டும். "உனக்கு வந்திருக்கு" என்று அவர் எடுத்துக்கொள்ளாதபடி, "முப்பது தாண்டுன எல்லா பொம்பளைங்களுக்கும் பாக்கறாங்க, நானும் பாத்துக்கப் போறேன்" என்று சொன்னேன். உங்களுக்கும் 30 தாண்டியிருந்தால் உண்மையிலேயே அதே நாளில் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நான் போனேன், அப்புறம் அக்கா வந்தார். ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் அந்த வாரம் முழுக்க அதே கேள்விதான் வீட்டில் ஓடும்.

உடம்புக்குள் ஏதோ வைத்துவிட்டார்கள், யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் இருப்பவருக்குக் கருவி வைத்துப் பார்ப்பது பெரும் பயம். பழைய பாலியல் கொடுமை அனுபவம் இருப்பவருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு வாயையும் மார்பகத்தையும் மட்டும் முதல் நாள் முடித்துவிட்டு, மூன்றாவதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே நாளில் முடியவேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான். நோய் தீவிரமாக இருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சையே எடுக்காமல், தெளிந்த பிறகு ஆரம்பியுங்கள். கட்டியோ ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மனநல டாக்டரிடம் அன்றே சொல்லி வழி கேளுங்கள். வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னால் விட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

6. அறைக்குள்

டாக்டரும் நர்ஸும் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "அக்காகிட்டயே கேளுங்க மேடம், பதில் சொல்வாங்க" என்று திருப்பிவிடுங்கள். பெண் ஊழியர் வேண்டும், கூட ஒருவர் இருக்கவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்தவேண்டும் என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நோயின் பெயரை வராந்தாவில் சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தாலே டாக்டருக்குப் புரியும். யாராவது, "மனநோயாளி கையெழுத்து செல்லாது, கார்டியன் வரட்டும்" என்றால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையைப் பற்றிக்கூட அவரால் முடிவெடுக்க முடியும் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வாயைத் திறந்து காட்ட அவர் சம்மதம் போதாதா? உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக இவரையும் நடத்தவேண்டும் என்பதும் நோய் விவரம் ரகசியம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள்.

மாத்திரையால் கால் ஆடிக்கொண்டே இருப்பவர், நாக்கு தானாக அசைபவர் உண்டு. அது பிடிவாதம் இல்லை, மருந்தின் பக்கவிளைவு என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

7. "அது மாத்திரையாலதான்" என்ற பொறி

எதைச் சொன்னாலும் மாத்திரை மேல் பழி போடுவது எல்லோருக்கும் எளிது. சில நேரம் அது உண்மையும்கூட. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை மார்பில் பால் மாதிரி கசியவைக்கும். க்ளோஸபின் மலச்சிக்கல் கொடுக்கும். நடுக்கத்துக்குத் தரும் மாத்திரை வாயை உலரவைக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கசிவு, ரத்தம் கலந்த கசிவு, கைக்குத் தட்டுப்படும் கட்டி, மலத்தில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாமல் உடல் இளைப்பது ஆகியவற்றை மாத்திரைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். "மாத்திரையாலதான்னு எப்படி சார் தெரியும்? பரிசோதிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வயிற்றில் பாம்பு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னாலும் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

8. சந்தேகம் என்று எழுதினால்

வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்றால் புற்று என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப் என்ற கருவியால் உற்றுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சின்னச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருந்தால் ஓ.பி.யிலேயே சிகிச்சை முடிவதும் உண்டு. பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

பலர் காணாமல் போவது இங்கேதான். ரிப்போர்ட் வாங்கும் தேதியில் வீட்டில் ஏதோ வேலை, அப்புறம் மறந்துபோகும். பதிவில் அவருடைய நம்பரோடு உங்கள் நம்பரையும் கொடுங்கள். அவர் போனை அணைத்தே வைத்திருப்பவர் என்றால் உங்களுடையது மட்டும் போதும், அவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

சிகிச்சை என்று வந்துவிட்டால் இரண்டு பக்க டாக்டருக்கும் மற்றவர் எழுதிய சீட்டைக் காட்டியாகவேண்டும். மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்ஸிஃபென் மாத்திரையின் பலனை ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் குறைக்கக்கூடும். க்ளோஸபினும் கீமோவும் சேர்ந்தால் வெள்ளை அணுக்கள் மேலும் குறையும் ஆபத்து உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாற்றி எழுதுவது அவர்கள் வேலை, சீட்டைச் சுமந்துபோவது நம் வேலை.

9. செலவு

அரசு இடங்களில் சீட்டு, பரிசோதனை, பயாப்ஸி எல்லாம் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நிற்காது. தனியாரில் மேமோகிராமுக்குச் சில ஆயிரம் ஆகும், அரசு டாக்டர் எழுதாமல் நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கும் ஆணுக்கும் துணைக்கு வருபவருக்கும் இல்லை. ஆனாலும் திரும்பி வர ஆட்டோவுக்குக் காசு வைத்திருங்கள். கூட்டத்தில் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. உண்மையான செலவு உங்கள் ஒரு நாள் கூலிதான். தண்ணீர், பிஸ்கட், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

10. முடிந்த பிறகு

தேதி, என்ன பார்த்தார்கள், முடிவு ஆகிய மூன்றையும் மனநல ஓ.பி. நோட்டின் முன் அட்டை உள்பக்கத்தில் எழுதி, அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் சரி என்றால் அரசு வழிகாட்டலின்படி 5 வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். புகையிலைப் பழக்கம் இருப்பவரை மட்டும் வருடம் ஒருமுறையாவது வாயைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி விவரங்களுக்கு 104. மனநலம் சம்பந்தமாக, பராமரிக்கும் உங்களுக்கே பேச ஆள் தேவைப்பட்டாலும், 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.